பெயர் தெரியாதவர்கள் உடைத்த பூசணிக்காய்

காலைப் பத்திரிகை பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவுக்கு வந்து சேரும்போது, அதில் இருக்கிற செய்தியை அந்தத் தெரு ஏற்கெனவே மென்று துப்பியிருக்கும். யாருடைய மகள் யாருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினாள், எந்தக் குழாயில் நாளைக்குத் தண்ணீர் வராது, எந்தப் பாதிரியாருக்கு இடமாற்றம், எல்லாம் இரண்டாம் மாடி பல்கனியில் இருக்கும் பீனா அம்மாவிடம்தான் முதலில் வரும். அவர் கயிற்றில் கூடையை இறக்கிப் பேக்கரிப் பாண் வாங்கும்போது கூடையோடு செய்தியும் இறங்கும். பாண் மேலே ஏறும்போது செய்திக்கு ஒரு திருத்தமும் ஏறும். பத்திரிகைக்காரர்கள் பாவம், அச்சடிப்பதிலேயே அவர்களுக்கு ஓர் இரவு போய்விடுகிறது.

இப்படிப்பட்ட தெருவில், ஒருநாளும் செய்தியாகாமல் இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர் கோபாலசிங்கம். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். அந்தத் தெருவுக்குக் கிட்ட, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டில் தரை துடைக்கிறார், சமைக்கிறார், சிஞ்ஞோராவின் பூனைக்கு நேரம் தவறாமல் மருந்து கொடுக்கிறார். தெருவில் சுவரோரமாக நடப்பார். எல்லோருக்கும் ‘போன்ஜோர்னோ’ சொல்வார், இரண்டாவது வார்த்தையை யாருக்கும் கொடுக்கமாட்டார். இது அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். அங்கே ஒருவருடைய பெயர் நாலு பேர் வாயில் விழுந்தால் பிறகு அவரைத் தேடி யாரோ வருவார்கள். வருகிறவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதில்தான் வித்தியாசம்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணம் ஒரேயடியாக இடம்பெயர்ந்த பிறகு, மனைவி இந்திராதேவியும் மகள் துசானியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் வெளிநாட்டாரைப் பதிகிற பொலிஸ் கந்தோரான கொஸ்தூராவில், வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த கொந்த்ராத்தோ கேட்பார்கள். வாடகை வீடுகள் பலெர்மோவில் தாராளமாக இருந்தன. வீட்டுக்காரர்களும் தங்கமானவர்கள். ஆனால் கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் அவர்களுக்குக் காது அடைத்துவிடும். கோபாலசிங்கம் அல்பெர்கேரியாவில் ஒரு பழைய வீட்டில், தன்னைப் போன்ற ஆண்களோடு, கடதாசியில் இல்லாத ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டொன் இஞ்ஞாத்சியோ அகப்பட்டார். கோபாலசிங்கத்தோடு ஒரே அறையில் இருந்த ஸ்ரனிஸ்லாஸ் பாசையூர்க் கத்தோலிக்கன். அவன் வாயில் அவர் இஞ்ஞாசியார் ஆகிவிட்டார், நமக்கும் அதுவே வசதி. இஞ்ஞாசியார் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. போர்கோ வெக்கியோவில், மீன் கடைக்கும் காப்பிக்கடைக்கும் நடுவே, கலியாண வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்புகிற சாமான்கள் விற்றார். சீனி பூசிய பாதாம்பருப்பு, பீங்கான் அன்னம், பீங்கான் செருப்பு, பீங்கான் கூடைக்குள் பீங்கான் பூ. ஒரு மழைநாளில் கோபாலசிங்கம் அந்தக் கடை வாசலில் ஒதுங்கி நின்றார். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, அன்னத்தைச் சோடியாகத்தான் விற்பீர்களா, தனியாகவும் கொடுப்பீர்களா என்று கேட்டுவைத்தார். கடை திறந்த நாளிலிருந்து அப்படி ஒரு கேள்விக்காக இஞ்ஞாசியார் காத்திருந்திருக்க வேண்டும். மழை விட்டது, அவர் விடவில்லை. கடைசியில் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளையும் காட்டினார். திங்கட்கிழமை கணக்காளரிடம் போய்க் கையெழுத்து வைப்போம் என்று சொல்லி, வெள்ளிக்கிழமையே கதவுத் திறப்பையும் கையில் தந்துவிட்டார்.

கோபாலசிங்கம் ஸ்ரனிஸ்லாஸையும் இழுத்துக்கொண்டு, கொழும்புக்குக் கதைக்க நேராக ரெலிபோன் கூண்டுக்கு ஓடினார்.

“இஞ்சாருங்கோ, சாமான் ஒண்டும் உள்ளை கொண்டுபோகாதேங்கோ,” என்றார் இந்திராதேவி. “முதல் வாசலிலை ஒரு பூசணிக்காய் வெட்டுங்கோ.”

“ரண்டு அறை. மழை பெய்தால் ஒண்டிலை ஒழுகும். இதுக்கு ஆர் கண் வைக்கப் போகினம்?”

“உங்களோடை படுக்கிறவை எல்லாரும் கடதாசி கிடைக்காமல் நிக்கினம் எல்லோ. அவையின்ரை கண் போதாதே?”

ஸ்ரனிஸ்லாஸ் பக்கத்தில்தான் நின்றான். கோபாலசிங்கம் அவனை ஒருதரம் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டார்.

கண் கழிக்கிற வெள்ளை நீத்துப்பூசணிக்கு இந்த நாட்டில் எங்கே போவது? கபோச் சந்தையில் துண்டு துண்டாக வெட்டி விற்கிற மஞ்சள் பூசணிதான் கிடைத்தது. அதை முழுசாகக் கேட்டபோது மரக்கறிக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். கோபாலசிங்கம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். காம்புப் பக்கம் சதுரமாக ஒரு மூடி வெட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரை உள்ளே விட்டு, இந்திராதேவி பார்சலில் அனுப்பிய குங்குமத்தில் முக்கால்வாசியையும் கொட்டினார். சனிக்கிழமை விடியப்புறம் வாசலில் நின்று, வீட்டைப் பார்த்து மூன்று தரம் சுற்றி, ‘கண்டவர் கண், காணாதவர் கண்’ என்று முணுமுணுத்து, ஓங்கி நிலத்தில் அடித்தார். அடித்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது முறை. அவர் பார்க்கவில்லை. அப்படியே நடந்து பஸ் ஏறி, சிஞ்ஞோராவோடு ஞாயிறுவரைக்கும் மொண்டெல்லோக் கடற்கரை வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் பார்க்காததை நாம் பார்த்துவிடுவோம். படிக்கட்டு வாசலும் கடை வாசலும் ஒட்டினாற்போல் இருந்தன. தெரு கடைப் பக்கமாகச் சரிந்திருந்தது. பூசணிக்காய் இரண்டாகப் பிளந்து, கொஞ்சம் யோசித்து, மெல்ல உருண்டுபோய், இஞ்ஞாசியாரின் இரும்புக் கதவுக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கமாக நிமிர்ந்து உட்கார்ந்தது. நடுவில் சிவப்பாக ஒரு குளம்.

திங்கட்கிழமை காலை கோபாலசிங்கம் அழுத்திய சேர்ட்டோடு கடைக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது. அந்தத் தெருவில் அவர் ஒருநாளும் கண்டிராத அமைதி. மேலே பீனா அம்மா கூடையை இறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இஞ்ஞாசியார் எங்கே என்று கோபாலசிங்கம் கேட்டார். பீனா அம்மா நாக்கைத் தட்டி, முகவாயை மேலே உயர்த்தினார். சிசிலியில் அதற்கு இல்லை என்று அர்த்தம். போய்விட்டாரா என்றால், அதற்கும் அதே முகவாய். பிறகு இரண்டு கைகளாலும் உருண்டையாக எதையோ பிடித்து, நடுவால் பிளந்து, இரண்டு பக்கமும் வைத்துக் காட்டினார். கடைசியில் கூடையில் கிடந்த தக்காளியைத் தொட்டு, இதே நிறம் என்று நிலத்தைக் காட்டி, கையை உதறி, சிலுவை போட்டுக்கொண்டார். தெருவுக்கே வாய் கொடுத்த பெண் வாயால் சொல்லாததைக் கோபாலசிங்கம் தானே கூட்டிப் பார்த்தார்.

உருண்டையானது, பிளந்தது, சிவப்பு, ஒருவருடைய வாசலில் விடியமுன் வைக்கப்பட்டது. அவர் வந்த ஊரில் இந்தக் கணக்குக்கு ஒரே விடைதான், மனுசத் தலை.

காப்பிக்கடையில் பத்திரிகை கிடந்தது. உள்பக்கத்தின் அடியில் நாலைந்து வரி. நகரின் பழைய வட்டாரம் ஒன்றில், நன்கு அறியப்பட்ட வர்த்தகர் ஒருவரின் கடை வாசலில், பெயர் தெரியாதவர்கள் தெளிவான அர்த்தமுள்ள ஒரு பொருளை விட்டுச் சென்றுள்ளனர். விசாரணையாளர்கள் எதையும் ஒதுக்கிவிடவில்லை. அவர் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க, கடைக்காரன் அந்தப் பக்கத்தை மெல்ல மடித்துவைத்தான்.

அது கப்பம் கேட்கிறவர்களின் மிரட்டல் என்பதில் தெருவுக்குள் பெரும்பாலும் சந்தேகம் இல்லை, பொருள் எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆட்டுத்தலை என்றார்கள். கன்றுக்குட்டியின் இருதயம் என்றார்கள். தேவாலயப் பக்கத்தில் அது இன்னும் பெரிதாக வளர்ந்திருந்தது. இல்லை, இது செய்வினை, செத்த மனைவியின் தங்கைக்காரி வேலை என்று ஒரு சிறு கட்சியும் இருந்தது. பொருளைச் சரியாகப் பார்த்தவன் மீன்காரன் ஒருவன்தான். அவனோ பொலிஸ் வருமுன், தன் வியாபாரம் கெட்டுவிடும் என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் கழுவிச் சாக்கடையில் தள்ளிவிட்டான். ஒரு பாதி தன் கடைப் பக்கம் முகம் வைத்திருந்தது ஏன் என்ற கேள்வியில் அவனுக்கு நித்திரையும் போய், வாயும் அடைத்திருந்தது. பொலிஸ்காரர்கள் ஈரத் தெருவைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் கேட்டது ஒன்று. பீங்கான் அன்னம் விற்கிற மனுசனை யார் மிரட்டுவார்கள்? எல்லோரும் சொல்லிக்கொண்ட பதிலும் ஒன்று. அப்படியானால் அன்னத்துக்குள் ஏதோ இருக்கிறது.

கோபாலசிங்கம் கலங்கிப்போனார். அந்தக் கலக்கத்திலும் ஒரு சின்ன ஆறுதல். நல்லவேளை, சனிக்கிழமை பூசணிக்காய் வெட்டினோம், இல்லாவிட்டால் வந்தது படியேறி நமக்கும் வந்திருக்கும் என்று நினைத்து, இந்திராதேவிக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

பின்னேரம் ஸ்ரனிஸ்லாஸிடம் போனார். அவன் அல்பெர்கேரியாவில் ஒரு தேவாலயத்தில் மெழுகுதிரி மாற்றி, சனம் இருக்கிற வாங்குகளைத் துடைக்கிற வேலை செய்தான். கோபாலசிங்கம் கொண்டுபோன பத்திரிகையை ஒருதரம் வாசித்தான். பிறகு இன்னொருதரம் வாசித்தான்.

“அண்ணை, சனிக்கிழமை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

“மொண்டெல்லோவிலை. சிஞ்ஞோராவோடை.”

“அதுக்கு முதல்?”

“அதுக்கு முதல் வாசலிலை பூசணிக்காய்...” என்று தொடங்கிய கோபாலசிங்கத்தின் வாய் திறந்தபடியே நின்றது.

ஸ்ரனிஸ்லாஸ் கையிலிருந்த மெழுகுதிரிகளைப் பக்குவமாகக் கீழே வைத்தான். சிரிப்பதற்கு அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

“பெயர் தெரியாதவர்கள் எண்டு போட்டிருக்கு அண்ணை. பேப்பர்காரனுக்கு ரெலிபோன் எடுத்து உங்கடை முழுப்பேரும் சொல்லிவிடட்டோ? நீளம்தான், ஆனால் உள்பக்கத்திலை இடம் இருக்கும்.”

“சும்மா இரு ஸ்ரனி. அந்த மனுசன் ஓடிட்டார். ஆர் இனிக் கையெழுத்து வைக்கிறது?”

தலை எது, பூசணிக்காய் எது என்று அவருக்கே பிரித்தெடுக்க நேரம் பிடித்தது. யாருடைய தலையும் போகவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். பொலிஸ் தேடுகிற ஆள் தான்தான் என்ற குளிர் மறுபக்கம். பொலிசில் போய்ச் சொன்னால், இந்த நாட்டில் இருக்க விடுகிற பெர்மெசோக் கடதாசி என்ன ஆகும்? ஒரு மஞ்சள் காயை உடைத்தவனுக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் என்ன தண்டனை? ஸ்ரனிஸ்லாஸ் சொன்ன யோசனை எளிதானது. வாயை மூடிக்கொண்டு வேறு வீடு பார்க்க வேண்டும். ஆனால் வேறு வீட்டுக்காரர்களுக்குக் காது அடைப்பதும், கொழும்பில் லொட்ஜ்காரன் வருடம் முடியமுன் அறையை விடச் சொல்லியிருப்பதும் ஸ்ரனிஸ்லாஸின் கவலை இல்லையே.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுவது என்று கோபாலசிங்கம் தீர்மானித்தார். செய்தி எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கே திருத்தத்தையும் கொடுத்தால் போதும் என்பது அவருடைய சங்கக்கடை மூளை. மறுநாள் காலை பல்கனிக்குக் கீழே நின்று, தன் உடைந்த இத்தாலியனில், அது பூசணிக்காய் என்றார். வெறும் பூசணிக்காய். எங்கள் நாட்டு வழக்கம், யாருக்கும் தீங்கில்லை.

பீனா அம்மா பல்கனிக் கம்பிக்கு மேலால் குனிந்து அவரைப் பார்த்தார். அவர் சொன்ன பதில் இத்தாலியனில்தான் வந்தது. கோபாலசிங்கத்தின் காதில் எல்லா மொழியும் அளவெட்டித் தமிழாகத்தான் விழும்.

“விளங்குது. இப்ப பூசணிக்காய் எண்டு சொல்லச் சொல்லியிருக்கினம். ஆர் உங்களை அனுப்பினவை எண்டு நான் கேக்க மாட்டன்.”

கூடை இறங்கியது. மத்தியானத்துக்குள் தெருவுக்கே செய்தி தெரிந்துவிட்டது. அந்தப் பெயர் தெரியாதவர்கள் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். ஆள் வெளிநாட்டான், சத்தமில்லாதவன், சுவரோரமாக நடப்பவன். இவ்வளவு நாளும் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறான் பாருங்கள். அது பூசணிக்காயாகவே இருக்கட்டும் என்பது செய்தி. அதாவது, இனி யாரும் அதைப் பற்றிக் கதைக்கக்கூடாது.

அன்றிலிருந்து காப்பிக்கடையில் அவருக்கு இடம் விட்டார்கள். அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றது, வெளியே போனால் தொடங்கியது. வாழ்க்கை முழுவதும் தவிர்த்துவந்த காரியம், நாலு பேர் வாயில் விழுவது, ஒரே நாளில் முழுசாக நடந்து முடிந்தது.

மீன்காரன் நெத்தலி ஒரு பொட்டலம் கட்டி, இரண்டு கையாலும் நீட்டினான். கந்தசஷ்டி விரதம் தொடங்கியிருந்த வாரம் அது. கோபாலசிங்கம் பொட்டலத்தைத் தொடாமல், வேண்டாம், இந்தக் கிழமை இல்லை என்றார். மீன்காரனின் முகம் அவன் மீனைவிட வெளுத்துப்போனது. அப்படியென்றால் எந்தக் கிழமை என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்று கோபாலசிங்கம் வெள்ளை மனதோடு சொன்னார். மீன்காரன் ஞாயிற்றுக்கிழமைவரை கடை திறக்கவில்லை.

ஒருநாள் முழுவதும் இப்படி மரியாதைக்குள் மூச்சு முட்டிய பிறகு, ஸ்ரனிஸ்லாஸ் ஒரு தகவல் கொண்டுவந்தான். பாதிரியாருக்குப் பாதிரியார் கைமாறிய தகவல். இஞ்ஞாசியார் தெர்மினி என்கிற ஊரில், கன்னியாகவே இருந்துவிட்ட தங்கையின் வீட்டில் இருக்கிறார். கோபாலசிங்கம் சிஞ்ஞோராவிடம் அரைநாள் லீவு கேட்டு ரயில் ஏறினார். வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்று அனுபவப்பட்டிருந்தபடியால், கையில் சாட்சி இருக்கட்டும் என்று கபோவில் அதே மாதிரி இன்னொரு முழுப் பூசணிக்காய் வாங்கி, பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். மரக்கறிக்காரன் இந்தமுறை அவரை மேலும் கீழும் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சில்லறை கொடுத்தான்.

கதவைத் திறந்த தங்கை, வந்தவரைப் பார்த்துப் பயந்ததாகத் தெரியவில்லை. பையைப் பார்த்தார், கனத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், இவ்வளவு பெரிசாக எதற்கு என்று சொல்லிக்கொண்டே அதைக் குசினிக்குள் கொண்டுபோனார். கோபாலசிங்கம் ‘அது சாட்சி’ என்பதற்கு இத்தாலியனில் சொல் தேடிக்கொண்டிருக்கையில், உள்ளே கத்தி பலகையில் விழுகிற சத்தம் கேட்டது.

இஞ்ஞாசியார் மேசைக்கு முன்னால் சேர்ட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டி உட்கார்ந்திருந்தார். இருக்கச் சொன்னார். கோபாலசிங்கம் இருந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். மனைவி, லொட்ஜ், கண், பூசணிக்காய், மூன்று தரம் சுற்றுவது, திரும்பிப் பார்க்கக்கூடாதது, தெருவின் சரிவு. சொல் கிடைக்காத இடத்தில் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். ஓங்கி அடிக்கிற இடத்தில் மட்டும் கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முடிந்த பிறகு இஞ்ஞாசியார் மெல்லிய குரலில் ஒன்று கேட்டார்.

“அப்ப அது எனக்கில்லை?”

“உங்களுக்கில்லை. எனக்கு. எங்களிலை ஒருத்தற்றை கண்ணும் படக்கூடாது எண்டு.”

இஞ்ஞாசியாரின் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது. “ஆற்றை கண்?”

கோபாலசிங்கம் யோசித்தார். கண்டவர், காணாதவர் எல்லோருடையதும் என்பதை எப்படிச் சொல்வது? ஸ்ரனிஸ்லாஸ் என்று சொல்லலாமா? “அது... அப்பிடிப் பேர் சொல்லுறேல்லை,” என்றார்.

இஞ்ஞாசியார் தலையை மெல்ல ஆட்டினார். “நாங்களும் சொல்லுறேல்லை,” என்றார்.

தன்னை அவர் நம்பிவிட்டாரா, அல்லது இன்னும் மோசமாக எதையாவது நம்பிக்கொண்டாரா என்று கோபாலசிங்கத்தால் பிடிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து தங்கை சாட்சியைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். மெல்லிய துண்டுகளாகப் பொரித்து, சீனியும் வினாகிரியும் விட்டு, மேலே புதினா தூவி. விரதக்காரர் உள்ளிப்பூண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு, மறுக்கத் தைரியம் இல்லாமல் சாப்பிட்டார். தன் பக்கத்து ஆதாரத்தைத் தானே சாப்பிட்டு முடிப்பது எந்த வழக்கிலும் நல்லதல்ல என்று ஒரு யோசனை ஓடியது. ருசியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“திங்கட்கிழமை வாறன்,” என்றார் இஞ்ஞாசியார். “கணக்காளரிட்டைப் போவம். கையெழுத்து வைக்கிறன். ஆனால் ஒண்டு. தெருவிலை இனிப் பூசணிக்காய் எண்ட கதை கதைக்க வேண்டாம்.”

“ஏன்? அது உண்மை எல்லோ?”

இஞ்ஞாசியார் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் கடைக்கு முன்னால் சனம் நின்றதை இந்த வயதில்தான் முதல்முதலாகப் பார்த்ததாகச் சொன்னார். அது பயம் பிடித்த குரலில் வந்ததா, வேறு எதிலாவது வந்ததா என்று தெரியவில்லை. பிறகு தட்டை இன்னும் கொஞ்சம் கோபாலசிங்கத்தின் பக்கம் தள்ளினார்.

ரயிலில் வரும்போது கோபாலசிங்கம் ஓரமாக இருந்து யோசித்துக்கொண்டே வந்தார். மனுசனுக்குப் பயமென்றால், தான் இப்போது செய்துவிட்டு வருவது என்ன? வீடு தேடிப் போய், கதவைத் தட்டி, மேசைக்கு முன்னால் இருந்து, கேட்டதை வாங்கிக்கொண்டு வருவது. அப்படி வருகிறவர்களுக்குப் பயந்துதானே தான் ஊரைவிட்டு வந்தது? பயம் இல்லை, மனுசன் அந்த நாலைந்து வரிச் செய்தியில் சொகுசாக உட்கார்ந்துவிட்டார் என்றால், அப்படியானால் தான் செய்தது அவருக்கு ஓர் உபகாரம் அல்லவா? இரண்டு கணக்கும் மாறி மாறிச் சரிவந்தன. பலெர்மோ வந்ததும் இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை இஞ்ஞாசியார் கழுத்துப்பட்டி கட்டி வந்தார். தெரு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. கணக்காளரின் மேசையில், கோபாலசிங்கம் கேட்டதைப்போல இரட்டிப்புக் காலத்துக்கு எழுதச் சொன்னார். கையெழுத்து வைக்கமுன் பேனாவை இரண்டுதரம் மேசையில் வைத்து எடுத்தார். மை பிடிக்காமல் இருந்திருக்கலாம். பயந்துதான் வைக்கிறீர்களா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவோமா என்று கோபாலசிங்கத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் பேனா நின்றுவிடும் என்ற பயமும் கூடவே வந்தது. அவர் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் பெட்டிமேல் இருந்து வீட்டுப்பாடம் எழுதுகிற துசானிதான்.

கடை திறந்தது. திறந்த நாளே அன்னம் வாங்க ஆள் வந்தது. கலியாணம் இல்லாதவர்களும் வந்தார்கள். இவ்வளவு பெரிய மிரட்டலுக்குப் பிறகும் கதவைத் திறந்த மனுசனின் கையால் ஒரு பாதாம்பருப்பாவது வாங்கினால் நல்லது என்று நினைத்தார்கள் போலும். கிறிஸ்மஸுக்குள், பூசணியின் பாதிகள் நின்ற இடத்தில் யாரோ சுவரில் ஒரு மாதா படம் மாட்டினார்கள். பிறகு யாரோ அதற்கு ஒரு சின்ன மின்குமிழ் போட்டார்கள். இஞ்ஞாசியார் காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் மாற்றிப் பூ வைத்தார். பீனா அம்மாவின் பல்கனியில் இப்போது நடந்த கதை முழுவதும் ஒழுங்காக இருந்தது. அதில் கோபாலசிங்கம் சமாதானம் பேசி முடித்த ஆள். மீன்காரன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நெத்தலி அனுப்பினான், வேண்டாம் என்று சொல்ல இப்போது அவருக்குப் பயமாக இருந்தது. இது பூசணிக்காயால் வந்த பயம் என்பதைப் பூசணிக்காய் உடைத்தவராலேயே மறுக்க முடியவில்லை. லொட்ஜ்காரனிடம் கெஞ்சி வருடத்துக்கு அப்பாலும் கொஞ்சக் காலம் வாங்கிக்கொண்ட இந்திராதேவிக்கு, கடைசியில் பங்குனியில் விசா வந்தது.

விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் கார் கடை வாசலில் நின்றது. தெருவில் எல்லோரும் தற்செயலாக வெளியே நின்றார்கள். பல்கனியில் கூடை தயாராகத் தொங்கியது. துசானி இறங்கியதும் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த அன்னங்களைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள்.

இந்திராதேவி வீட்டைப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்தார். “பூசணிக்காய் எங்கை வெட்டினனீங்கள்?”

கோபாலசிங்கம் மாதா படத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். “உங்கைதான். பிறகு சொல்லுறன், நீர் உள்ளை வாரும்.”

“உதிலை என்ன, கோயில் கட்டி வைச்சிருக்கினம்?”

“பிறகு சொல்லுறன் எண்டு சொன்னனான் எல்லே.”

“அப்ப கொஞ்சம் நில்லுங்கோ,” என்று சொல்லி, இந்திராதேவி கைப்பையைத் திறந்தார். உள்ளே, பத்திரமாகப் பேப்பரில் சுற்றி, கொழும்பிலிருந்து வந்த ஒரு தேசிக்காய், சின்ன எலுமிச்சை. பிள்ளையோடு புது வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்காகக் கோயிலில் வாங்கி வந்தது. வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். ஒரு சின்னக் கத்தி வேண்டும் என்றார், சாதாரணமாக.

மீன்காரன் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தான். உள்ளே கொண்டுபோய்ச் செய்வோம் என்று சொல்லக் கோபாலசிங்கம் வாய் திறந்தார். அதற்குள் இஞ்ஞாசியார் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார். தேசிக்காயைப் பார்த்தார். இந்திராதேவியைப் பார்த்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, கோபாலசிங்கத்தின் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

“இது எனக்கோ?”

அந்தக் குரலில் இருந்தது பயமா, ஆசையா என்று கோபாலசிங்கத்துக்கு அப்போதும் விளங்கவில்லை. தெர்மினியில் விளங்கவில்லை, கணக்காளரின் மேசையில் விளங்கவில்லை, இனியும் விளங்கப் போவதில்லை. உங்களுக்கில்லை என்று ஒருமுறை உண்மையைச் சொன்னபோது அந்த மனுசனின் முகம் எப்படிப் போயிற்று என்பது மட்டும் நினைவிருந்தது.

“ஓம்,” என்றார் கோபாலசிங்கம். “உங்களுக்கும்தான்.”

இஞ்ஞாசியார் நிமிர்ந்தார். கடைக்குள் போய், பாதாம் பொட்டலங்களின் நாடா வெட்டுகிற சின்னக் கத்தியை எடுத்துவந்து, தெரு முழுவதும் பார்க்க, இந்திராதேவியின் கையில் கொடுத்தார். பிறகு மிரட்டப்பட்ட கடைக்காரன் கதவு இழுக்க வேண்டிய நேரம் இது என்பதை அறிந்தவரைப் போல, நிதானமாக, இரும்புக் கதவைப் பாதிவரை இழுத்துவிட்டு, அதற்கு முன்னால் நின்றார்.

தேசிக்காய் இரண்டானது. மேலே கூடை ஆடத் தொடங்கிய சத்தம் கேட்டது. கோபாலசிங்கம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.